மெழுகிய குழி

2025 பிப்ரவரி 20, வியாழக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்து பால் காய்ச்சினேன். மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நடந்தேன். இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. எட்டே முக்காலுக்கு ஆய்வகத்தைத் திறந்து தராசைச் சரிபார்த்து, நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டேன். ஈரோட்டில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மஞ்சள்தூளில் சோளமாவு கலந்திருக்கிறதா, நல்லெண்ணெயில் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. தினமும் வேலை தொடங்கும் முன், சுத்தமான மஞ்சள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிடுவேன். தெரிந்த பொருள் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குக் காட்டிய பிறகுதான் தெரியாததைத் தொடுவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. நான் மாற்றிக்கொண்டதில்லை.

அன்று பதினொன்றரை மணிக்குள் நான்கு மாதிரிகளை முடித்தேன். பிறகு இரண்டு சிறு புட்டிகள், ஒரு கட்டு வடிதாள், சொட்டுக்குழாய், சிறு கரண்டி எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பா ஒன்றில் அடுக்கித் துணி சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம் போனேன். போக வேண்டிய இடம் அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூர். அதன் பெயரை எழுதப் போவதில்லை. அகழாய்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டாலே புதையல் தேடிக் கடப்பாறையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

என்னை அழைத்தவள் சபியா. திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. நான் வேதியியல், அவள் தமிழ். அவள் ஊர் லப்பைக்குடிக்காடு. அண்ணன்கள் மூன்று பேரும் வளைகுடாவில் கடை வைத்திருக்கிறார்கள். இவள் தமிழ் படித்து, கல்வெட்டு படித்து, அதுவும் போதாமல் தொல்லியல் படித்து, இப்போது கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இந்த அகழாய்வையும் பார்த்துக்கொள்கிறாள். திங்கட்கிழமை தொலைபேசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சனிக்கிழமை மேற்பார்வைக் குழு வருதுடி. போன தடவை வந்துட்டு, கட்டடம் இல்ல, காசு இல்ல, கல்வெட்டு இல்ல, இது வெறும் குப்பைக்குழின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. இந்தத் தடவையும் அதையே எழுதுனா குழிய மூடிட்டு மேட்டை கிராவல் மண்ணு வெட்ட விட்டுருவாங்க. ஜேசிபிக்குச் சொல்லியாச்சு. நான் அது வூடுன்னு சொல்றேன். என் வாய் வார்த்தைய யாரு நம்புவா? நீ உன் புட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு வா."

என் புட்டிகள் செய்வது இவ்வளவுதான். மனிதர்களும் மாடுகளும் புழங்கிய மண்ணில் பாஸ்பேட் சேரும். சோறு சிந்திய இடம், எலும்பு போட்ட இடம், மாடு கட்டிய இடம் எல்லாவற்றிலும் அது தங்கும். மழையில் எளிதில் கரைந்து போகாது. ஒரு சிட்டிகை மண்ணை வடிதாளில் வைத்து முதல் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு, அரை நிமிடம் கழித்து இரண்டாவதிலிருந்து இரண்டு சொட்டு விட்டால், பாஸ்பேட் இருக்கும் அளவுக்குத் தாளில் நீலம் பரவும். மண்சுவர் வைத்து, கூரை வேய்ந்து வாழ்ந்தவர்களின் வீடு கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் தரை முழுக்க அரை மீட்டருக்கு ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்தால் எங்கே சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். அதைச் செய்யத்தான் போனேன்.

பகல் 12.20க்கு ஈரோட்டில் ஏறி, கரூர் வழியாக நான்கு மணிக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னைப் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகின்றன, ஆனால் நடுவழியில் இறங்குகிறவர்களை அவர்களுக்குப் பிடிக்காது. முதல் வண்டியின் நடத்துநர் படியிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"எங்கம்மா?"

"பெரம்பலூர்."

"உள்ள போவாது. நாலு ரோட்லதான் நிக்கும்."

"நாலு ரோட்லதாங்க இறங்கணும்."

ஏமாந்துபோன முகத்தோடு வழி விட்டார். சீட்டு ஐம்பது ரூபாய். மடியில் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "கேக்கா?" என்றார். மண்ணைச் சோதிக்கும் மருந்து என்றேன். "எங்க பக்கத்து மண்ணுல சோதிக்க என்ன இருக்கு? எல்லாம் சிமெண்டா மாறி லாரில போயிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். பாடாலூரில், செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் இரண்டு மூட்டையோடு ஓர் அம்மா ஏறினார். ஒரு மூட்டை என் காலடியில் வந்தது. பெரம்பலூர் வரும் வரை அதன் மேல்தான் காலை வைத்திருந்தேன். "மிதிச்சா ஒண்ணும் ஆவாது, ஒக்காந்துடாதீங்க" என்றார் அந்த அம்மா.

ஐந்தே முக்காலுக்குச் சபியா நாலு ரோட்டில் காரோடு நின்றாள். இரவு பெரம்பலூரில் அவள் இப்போது குடியிருக்கும் வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே குழியின் வரைபடத்தை விரித்தாள். ஐந்து மீட்டர் சதுரத்தில் இரண்டு குழிகள். நடுவே ஒரு மீட்டர் அகலத்துக்குத் தோண்டாமல் விட்ட மண் தடுப்பு. எந்த மண் எந்த மண்ணுக்கு மேல் இருந்தது என்று பின்னால் பார்ப்பதற்காக இப்படி ஒரு சுவரை விட்டுவைப்பார்கள். நான் தாளில் அரை மீட்டர் கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தேன்.

"அண்ணன் துபாயிலேருந்து கேட்டான், இத்தனை வருஷமா தோண்டுறியே, ஒரு பவுன் கெடச்சுச்சான்னு" என்றாள் சபியா.

"என்ன சொன்னே?"

"கெடச்சா மொதல்ல உனக்குச் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்."

பிப்ரவரி 21, வெள்ளி. காலை ஆறரைக்குக் கிளம்பினோம். காரின் மீட்டர்படி பெரம்பலூரிலிருந்து குழி வரை ஐம்பத்தாறு கிலோமீட்டர். பேரளி தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வரத் தொடங்கின. சாலையோர வேப்ப மரங்கள் எல்லாம் வெள்ளை அடித்தது போல் இருந்தன. அரியலூரில் டீ குடித்தோம், ஒன்று பன்னிரண்டு ரூபாய். கடையில் நாளிதழ் பறக்காமலிருக்க, நத்தை போலச் சுருண்ட உள்ளங்கை அகலக் கல் ஒன்றை வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்துப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், "கடல் நத்தைங்க. ஒரு காலத்துல எங்க ஊரு கடலோரமா இருந்துச்சாம். இப்ப லாரியோரமா இருக்கு" என்றார்.

எட்டு மணிக்கு ஊர் வந்தது. சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஓர் ஆள் உயர மேடு. அதன் அடிவாரத்தில் ஒரு தெரு. பெரும்பாலும் காங்கிரீட் வீடுகள், வாசலில் பைக்குகள். முன்பு பண்ணையில் கூலி வேலை செய்தவர்களின் தெரு அது. இப்போது லாரி ஓட்டுகிறவர், எலக்ட்ரீஷியன், செவிலியர் என்று ஆளுக்கொரு வேலை. குழியில் வேலை செய்யும் எட்டுப் பெண்களும் அந்தத் தெருவினர். அவர்களுக்குத் தலைவி போல இருப்பவர் அஞ்சலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார், மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, சபியாவைப் பார்த்து, "டீச்சர், தார்ப்பாய எடுக்கட்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

எடுத்தார்கள். முதல் குழியின் தரை முழுவதும் பச்சையாகச் சாணம் மெழுகியிருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. நடுவில் அரிசி மாவில் எட்டிதழ்த் தாமரைக் கோலம்.

சபியா குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அல்லாவே" என்றது மட்டும் கேட்டது.

எனக்கு வந்த கோபத்தை எழுதாமல் விட முடியாது. சாணத்தில் பாஸ்பேட் ஏராளம். என் கட்டங்களில் எந்த எண்ணில் மண் எடுத்தாலும் இனி தாள் நீலமாகத்தான் ஆகும். ஆயிரம் ஆண்டு பழைய தரை என்று சபியா பானை ஓடுகளை வைத்துக் கணித்திருந்த ஒன்றை ஒரே காலையில் இன்று போட்ட தரையாக மாற்றிவிட்டார்கள்.

"யாருங்க இதைச் செஞ்சது?" என்றேன்.

"நாந்தான்" என்றார் அஞ்சலை. "எல்லாரும் சேந்துதான். அஞ்சு மணிக்கே வந்துட்டோம்."

"இதுல கை வைக்கக் கூடாதுன்னு தெரியாதுங்களா?"

"தோண்டக் கூடாது, மிதிக்கக் கூடாதுன்னுதான் டீச்சர் சொன்னாங்க. மெழுகக் கூடாதுன்னு சொல்லலயே." சிரிப்பு போய்விட்டிருந்தது. "மேடம், குழுவுல வந்த பெரியவரு போன தடவ இதே எடத்துல நின்னுக்கிட்டுக் குப்பைக்குழின்னாரு. இந்த மேட்டுலதான் ஊரு குப்பையக் கொட்டுவாங்க. பக்கத்துல இருக்கற எங்கள குப்பமேட்டாளுங்கன்னு சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல எம் பேரச் சொல்லிக் கூப்புட்டவங்க கம்மி. இப்ப கொட்டுறதில்ல, சொல்றதும் இல்ல. இவரு வந்து மறுபடி எழுதிட்டுப் போறாரு. டீச்சர் இது ஒரு வூடுங்கறாங்க. வூட்டுக்கு ஆளு வர்றாங்கன்னா மெழுகாம வைக்கலாமா? நாளைக்கு வந்து பாக்கட்டும், குப்பையா வூடான்னு."

"அஞ்சல, இது உங்க முப்பாட்டன் வூடுன்னு நான் எப்பவாச்சும் சொன்னனா?" என்றாள் சபியா, எழுந்திருக்காமலே. "யாரு வூடுன்னு மண்ணு சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்."

"யாரு வூடா இருந்தா எங்களுக்கு என்னா டீச்சர்? குப்பை இல்லல்ல? அது போதும்."

"அதக் காட்டத்தான் இவ ஈரோட்லேருந்து வந்திருக்கா. நீங்க இப்ப அதையே அழிச்சிட்டீங்க."

அஞ்சலைக்கு அது அப்போதுதான் விளங்கியது. முகம் சிறுத்துப்போயிற்று. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. "கழுவி விட்டுடட்டுமா?" என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "ஐயோ வேண்டாம்" என்று கத்தினோம். சாணத் தண்ணீர் கீழே இறங்கினால் அடுத்த தரையும் போய்விடும்.

கெட்டுப்போன மாதிரி வந்தால் தூக்கி எறிவதற்கு முன் அது எப்படிக் கெட்டது என்று படம் எடுத்துப் பதிவு செய்வது ஆய்வகத்தில் என் வழக்கம். வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் அதைச் செய்தேன். குழியின் நான்கு பக்கமும் சுற்றிப் படம் எடுத்தேன். விளிம்புக்கு வந்தபோதுதான் கவனித்தேன். சாணம் தரையோடு நிற்கவில்லை. குழியின் சுவரில் நான்கு விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் கோடு இல்லை, சிறு வளைவுதான் இருந்தது.

"சுவர் மேல ஏனுங்க பூசுனீங்க?" என்று கேட்டேன். இன்னும் கோபம் தணியவில்லை.

"ஓரத்துல கொஞ்சம் ஏத்தித்தான மெழுகுவாங்க? உங்க ஊர்ல எப்புடி?"

அஞ்சலையின் கையடையாளம் நடுத்தடுப்பில் முடியும் இடத்துக்கு மேலே என் பார்வை போனது. அங்கே மண்ணில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நூல் பருமன்தான் ஒவ்வொன்றும். இவற்றைச் சபியா முன்பே பார்த்திருக்கிறாள். குழுவும் பார்த்திருக்கிறது. குப்பையை எரித்த சாம்பல் அடுக்கு என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். கோடுகள் சமமாகப் போய், தடுப்பின் மேற்கு முனைக்கு இரண்டு சாண் முன்பாக, எல்லாம் ஒரே இடத்தில், மேல்நோக்கி வளைந்தன. அதன் பிறகு வெறும் மஞ்சள் மண்.

"சபி, இங்கே வா" என்றேன்.

வந்து பார்த்தாள். பிறகு அஞ்சலை பூசிய வளைவில் விரலை வைத்தாள், எடுத்து மேலே இருந்த பழைய வளைவுக்கு நேராகக் காட்டினாள்.

"குப்பை கொட்டுனா இப்படி ஓரத்துல ஏறி நிக்காதுடி" என்றாள். "சுவரு இருந்திருக்கு. கரைஞ்சு போச்சு. மெழுகுன கை எங்க திரும்புச்சோ அங்கதான் சுவரு."

அதன் பிறகு வேலை ஓடியது. தரையை விட்டுவிட்டுத் தடுப்பைப் பிடித்தோம். புதுச் சாணம் தொடாத உயரத்தில், வெளிமண் ஒரு சாண் ஆழம் சீவித் தள்ளிவிட்டு, புதிதாகத் தெரிந்த முகத்தில் கோட்டிலிருந்து ஒரு சிட்டிகை, கோடுகளுக்கு இடையிலிருந்து ஒரு சிட்டிகை என்று எடுத்தேன். குடைக்குக் கீழே சாந்துச் சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வடிதாள்களை வைத்துச் சொட்டு விட்டேன். எட்டுப் பெண்களும் சுற்றி நின்றார்கள். கோட்டு மண் வைத்த தாள்களில் நீலம் கதிர்கதிராகப் பரவியது. இடைமண் வைத்த தாள்கள் வெளிறியே கிடந்தன.

"ஊதாப் பூ மாதிரி பூக்குது பாரு" என்றார் ஒருவர்.

"அப்ப நாங்க மெழுகுனது நல்லதாப் போச்சுன்னு சொல்லுங்க" என்றார் அஞ்சலை.

"அப்படிச் சொல்லிடாதீங்க. நாளைக்குப் பக்கத்துக் குழியையும் மெழுகி வச்சிருவீங்க" என்றேன். அன்று முதல் முறையாக எல்லோரும் சிரித்தோம்.

மாலையில் சபியாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை. மெழுகியதை மூடி மறைத்துவிடலாம் என்றேன் நான். குழு பார்த்தால் ஆய்வே அலங்கோலம் என்று சொல்லிவிடும். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நடந்ததை நடந்த மாதிரியே காட்டுவோம். இது மூடி வைக்கிற விஷயம் இல்ல. இதப் பாத்துத்தான் நமக்கே தெரிஞ்சுச்சு." கோலம் அப்படியே இருந்தது.

பிப்ரவரி 22, சனி. பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் அறுபது வயதைத் தாண்டிய கல்வெட்டு அறிஞர். மற்ற இருவரில் ஒருவர் பொறியாளர், இன்னொருவர் வருவாய்த்துறை அதிகாரி. தலைவர் குழியை எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன சபியா இது? பொங்கல் விழாவா?"

"தவறுதலா நடந்துருச்சு சார். பதிவு பண்ணியிருக்கோம்."

"யார் செஞ்சது?"

"நாந்தாங்க" என்று அஞ்சலை முன்னால் வந்தார்.

"யாரைக் கேட்டு மெழுகினே?"

"நீங்க யாரக் கேட்டுக் குப்பைன்னு எழுதுனீங்களோ, அவங்களக் கேட்டுத்தாங்க."

பொறியாளர் இருமினார். தலைவர் அஞ்சலையை ஒரு நிமிடம் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க சோதனை செய்தது எல்லாம் செல்லாது அம்மா. இவ்வளவு சாணம் பக்கத்தில் இருக்கும்போது எந்த மண்ணில் நீலம் வந்தாலும் இதனால்தான் வந்தது என்று யாரும் சொல்லலாம்."

அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். "சரிங்க சார். அப்படீன்னா நீங்களே எடுங்க. எங்கே வேணும்னாலும். எது எங்கே எடுத்ததுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று கரண்டியையும் தாள்களையும் கொடுத்தேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குழியில் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, கோலத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார். தடுப்பை மறுபடியும் ஒரு சாண் சீவச் சொன்னார். பன்னிரண்டு தாள்களில் மண் வைத்து, ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டு, கலைத்து என் முன் அடுக்கினார். நான் சொட்டு விட்டேன். ஏழு தாள்கள் நீலமாயின. ஐந்து வெளிறின. அவர் திருப்பிப் பார்த்தார். நீலமானவற்றில் ஒன்று அஞ்சலையின் சாணம், ஆறு கறுப்புக் கோடுகள். வெளிறிய ஐந்தும் இடைமண்.

"சாம்பலிலும் பாஸ்பேட் உண்டே" என்றார்.

"உண்டுங்க. இந்த நீலம் பாஸ்பேட்னு மட்டும்தான் சொல்லும். சாணம்னு சொல்லாது."

"பின்னே?"

"அதுக்கு மேல சொல்லத்தான் நான் இருக்கேன் சார்" என்றாள் சபியா. வளைவைக் காட்டினாள். ஒரே இடத்தில், அத்தனை கோடும், மேலே ஏறி நிற்பதைக் காட்டினாள். பிறகு குனிந்து, அஞ்சலை பூசிய ஓரத்தைக் காட்டினாள். "இவ புட்டி சொல்றது தனியா நின்னா பத்தாது, நான் சொல்றதும் தனியா நின்னா பத்தாது. ரெண்டையும் சேத்துப் பாருங்க. யாரோ ஒரு ஆளு இந்த வூட்டைத் திரும்பத் திரும்ப மெழுகியிருக்காங்க. கல்வெட்டுல பேரு வெட்டுற அளவுக்கு அவங்களுக்கு வசதி இல்ல. அதுக்காக அவங்க குப்பை ஆயிடுவாங்களா சார்?"

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், திங்கக்கிழமை ஜேசிபி வருது. மூடுறதுக்கு மேடம் கையெழுத்து வேணும்."

"நான் போட மாட்டேன்" என்றாள் சபியா.

"மேடம், குழு முடிவு பண்ணிட்டா நீங்க..."

"என்னைப் பொறுப்புலேருந்து எடுத்துட்டு வேற ஆளை வச்சுப் போட்டுக்குங்க. எங்கிட்ட வேண்டாம்."

அஞ்சலை குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருவராக மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். யாரும் முழக்கம் போடவில்லை. தூக்குவாளியைத் திறந்து ஒருவர் நீராகாரம் குடிக்கத் தொடங்கினார்.

தலைவர் தாள்களை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "சாணம் என்பதை உறுதி செய்ய வழி இருக்கிறதா?" என்று என்னைத்தான் கேட்டார்.

இருக்கிறது. மாடு தின்ற வைக்கோலில் கண்ணுக்குத் தெரியாத மணல் போன்ற துகள்கள் உண்டு. சாணம் மக்கினாலும் அவை மக்குவதில்லை. மஞ்சளில் மாவைத் தேடும் என் நுண்ணோக்கியிலேயே பார்த்துவிடலாம். எரித்த குப்பையில் அவை உருகியும் கலைந்தும் தெரியும். செவ்வாய்க்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

"திங்கள் ஜேசிபி வர வேண்டாம்" என்று தலைவர் பொறியாளரிடம் சொன்னார். பிறகு சபியாவிடம், "நான் எழுதிய சொல்லை இன்னும் எடுக்கவில்லை. முடிவு வரட்டும். சாம்பல் என்று வந்தால் என்ன செய்வாய்?"

"சாம்பல்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன் சார். சாணம்னு வந்தா நீங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வரட்டும்" என்றார்.

கோட்டு மண், இடைமண், அஞ்சலையின் சாணம் என்று மூன்று பொட்டலங்கள் கட்டினேன். கிளம்பும்போது அஞ்சலை என் கையில் ஒரு பை சோளக்கதிரைத் திணித்தார். "மேடம், எங்க சாணியும் எடுத்துக்கிட்டுப் போறீங்களாமே. ஊர்ல யாராச்சும் கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"அரியலூர் மண்ணுன்னு சொல்லுவேன்."

"விடியறதுக்கு முன்ன, கருக்கல்லயே அள்ளிக்கிட்டு வந்த சாணிங்க. பாத்து, சிந்திறப் போவுது."

அரியலூரில் மாலை ரயில். திருச்சியில் மாறி, இரவு ஈரோடு. பயணம் முழுக்க டப்பா மடியிலேயே இருந்தது. எங்கள் வீட்டுத் தரை வெள்ளை டைல்ஸ். போட்டுப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் இரு முறை ஈரத்துணியில் துடைக்கிறேன். அதில் என் கை பட்ட அடையாளம் ஒன்றும் நிற்பதில்லை, நிற்கக் கூடாது என்றுதான் பளபளப்பாக வாங்கினோம். அந்த ஊரில் யாரோ ஒருவர் சுவரோரம் கையைத் திருப்பிய இடம் இன்னும் இருக்கிறது. அதைக் குப்பை என்று எழுதி மூடுவதற்கு ஒரு கையெழுத்தும் ஓர் இயந்திரமும் போதும். அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன் என்று ஒருத்தி சொன்னதை நேரில் பார்த்தேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால் நத்தைக் கல்லையும் கோயில்களையும் பார்ப்பீர்கள். பாருங்கள். வெறும் மேடு எதையாவது கண்டாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகம் கிடையாது. சாவி என்னிடம் இருந்தது. ஏழு மணிக்குத் திறந்தேன். வரிசையில் காத்திருந்த மஞ்சள் மாதிரிகளை ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்துச் சீட்டு ஒட்டினேன். ஒன்றில் 'அஞ்சலை, புதியது' என்று எழுதினேன். மற்றதில் 'பெயர் தெரியவில்லை, பழையது'. விளக்கைப் போட்டு, அஞ்சலையின் சாணத்தை முதலில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.